பினாங்குத் தெருக்களில் யாருக்கு உரிமை?

(நாகப்பட்டினத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாகப்பட்டினத்தில் நின்றுகொண்டு பினாங்கைப் பற்றிப் பேசுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாட்டனாரோ பெரியப்பாவோ கடல்தாண்டிப் பிழைக்கும் சபராளியாகப் போய்வராத தெரு இந்தப் பக்கத்தில் அரிது. சென்னையில் கிளம்பி, இங்கே ஆளேற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போன ரஜூலா கப்பலைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம். 1970களின் தொடக்கத்தில் ரஜூலா ஓய்ந்தது. அதற்குப் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதன்பிறகு அக்கரைக்குப் போகிறவர்கள் விமானம் ஏறுகிறார்கள். போக்குவரத்து நிற்கவில்லை. ஆனால் அந்த ஊரின் தெருக்களில் என்ன நடக்கிறது என்ற செய்தி மட்டும் நமக்கு வருவது நின்றுபோனது. அந்தச் செய்தியைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இரண்டு தேதிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, 2008 ஜூலை 7. அன்று யுனெஸ்கோ, மலாக்காவையும் பினாங்கின் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து, மலாக்கா நீரிணையின் வரலாற்று நகரங்கள் என்ற பெயரில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. பினாங்கில் இன்றும் அந்த நாள் பொது விடுமுறை. இன்னொன்று, 2000 ஜனவரி 1. அதற்கு எந்த விழாவும் கிடையாது. அன்றுதான் ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் வாசல்களைவிட்டு வெளியேறத் தொடங்கினார்கள்.

உலகம் பாராட்டியதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, பாராட்டப்படப்போகிற வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பார்க்காமல் பாரம்பரியப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் எண்ணம். பழைய நகரம் ஒன்றின் பண்பாட்டைக் காப்பதில் முதல் வேலை, அங்கே வாடகைக்கு இருப்பவர் அங்கேயே இருக்க வழிசெய்வது. கட்டடத்தின் கணக்கு அதற்கு அடுத்தது. இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

பிரான்சிஸ் லைட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி வணிகர் 1786இல் பினாங்கில் இறங்கினார். கெடா சுல்தானின் தீவு அது. வரியில்லாத துறைமுகம் என்றதும் நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களைச் சூலியர் என்றார்கள். தொடக்க காலத்திலேயே அவர்கள் பெயரில் ஒரு தெரு ஏற்பட்டது. இன்றும் அது சூலியா தெருதான். அவர்களின் தலைவராக இருந்த காதர் மொகிதீன் மரைக்காயர் 1801ஐ ஒட்டி எழுப்பிய பள்ளிவாசல், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் நாகூர் ஆண்டவரின் பெயரில் ஒரு தர்கா நிற்கிறது. அதைப் பார்த்த யாரும் அது எந்த ஊரின் நினைவில் கட்டப்பட்டது என்று கேட்க மாட்டார்கள். குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் துறைமுகத்தில் தொங்கான் படகுகளில் மூட்டை ஏற்றி இறக்கியவர்களின் கோயில். பினாங்குத் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள். பள்ளிவாசலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயில், அதையும் தாண்டினால் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம்.

சுற்றுலாக் கையேடுகள் இந்த வரிசையை நல்லிணக்கத் தெரு என்று வருணிக்கின்றன. பெயரில் தவறில்லை. ஆனால் இந்தக் கட்டடங்கள் இப்படி அருகருகே நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. தொழுகிறவர், கும்பிடுகிறவர், பிரார்த்திக்கிறவர் எல்லோரும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நடந்துபோகும் தூரத்தில் குடியிருந்தார்கள். மாடியில் வீடு, கீழே கடை. நடுவில் வெளிச்சமும் காற்றும் இறங்கும் திறந்த முற்றம். கடை வாசலையும் தெருவையும் இணைக்கும் அஞ்சடி நடைபாதை. அந்த அஞ்சடியில் உட்கார்ந்து பூக்கட்டினார்கள், காசு மாற்றினார்கள், சாவி வெட்டினார்கள், ஜாதகம் பார்த்தார்கள். தோளில் கம்பு போட்டு இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடுதான் இன்று மலேசியா முழுவதும் நாசி கண்டார் என்று பெயர்பெற்றிருக்கிறது. மசாலாவின் பெருமையை எழுதுகிறவர்கள் அது யாருடைய பசிக்கு உருவான உணவு என்பதையும் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்த வாழ்க்கை எப்படி இவ்வளவு காலம் நிலைத்தது? அதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. நாட்டிலேயே அப்படிப்பட்ட வீடுகள் மிக அதிகமாக இருந்த ஊர் ஜார்ஜ் டவுன். வீட்டுக்காரர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது. நினைத்த மாத்திரத்தில் ஆளை வெளியேற்றவும் முடியாது. அதனால் நூல் கடைக்காரரும் தையற்காரரும் பிரம்பு பின்னுகிறவரும் நகரத்தின் நடுவே, வருமானத்துக்கு ஏற்ற வாடகையில் தொழில் நடத்தினார்கள். மகன் அதே கடையில் உட்கார்ந்தான். சட்டத்தை இயற்றியவர்கள் பண்பாட்டைப் பற்றி நினைத்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் கவலை வீட்டுத் தட்டுப்பாடு. ஆனாலும் மலேசியாவில் பாரம்பரியத்தை அதிகம் காப்பாற்றிய சட்டம் எது என்று என்னைக் கேட்டால், 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தைச் சொல்ல மாட்டேன். இந்த வாடகைச் சட்டத்தைத்தான் சொல்வேன்.

வீட்டுக்காரர்களின் நியாயத்தையும் மறைக்கக்கூடாது. சந்தை மதிப்பில் சிறு பங்குகூட வாடகையாக வரவில்லை. ஓடு மாற்றினால் அந்தச் செலவு எந்தக் காலத்திலும் திரும்பாது. அதனால் பலர் பழுதுபார்ப்பதை விட்டுவிட்டார்கள். கூரை ஒழுகியது, உத்தரங்களைக் கறையான் தின்றது. முதன்மைக் குடியிருப்பாளர் அறைகளைத் தடுத்து உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்த வழக்கமும் இருந்தது. அரைகுறை நியாயத்தோடு ஓடிய ஏற்பாடு அது. திருத்தியிருக்கலாம். வருமானத்துக்கு ஏற்றபடி வாடகையைப் படிப்படியாக உயர்த்தியிருக்கலாம். பழுதுபார்க்கும் வீட்டுக்காரருக்கு வரிச்சலுகை கொடுத்திருக்கலாம். வயதானவர்களுக்கு மட்டுமாவது பாதுகாப்பை நீட்டியிருக்கலாம். நடந்தது வேறு. 1997இல் சட்டம் நீக்கப்பட்டது. 1999 டிசம்பர் 31 வரை அவகாசம். அதன்பின் ஒன்றுமில்லை.

அவகாசம் முடிந்ததும் வாடகை பல மடங்கு ஏறியது. வாடகையைக் கொடுக்க முடியாத கடை மூடப்பட்டது, வீடு காலியானது. குடியிருந்தவர்கள் கூட்டம் கூட்டிப் போராடிப் பார்த்தார்கள். தீவின் ஓரங்களிலுள்ள அடுக்குமாடிகளுக்குப் போனவர்கள் பலர். உலக நினைவுச்சின்ன நிதியத்தின் 2000ஆம் ஆண்டுக்கான, மிகுந்த ஆபத்திலுள்ள 100 இடங்களின் பட்டியலில் ஜார்ஜ் டவுனும் இருந்தது. காலியான வீடுகளில் புதிய குடித்தனம் ஒன்று வந்தது. உமிழ்நீரால் கூடு கட்டும் குருவிகள். அந்தக் கூட்டைச் சீனர்கள் நல்ல விலைக்கு வாங்கிச் சூப்பாக்குவார்கள். அதனால் சன்னல்களை அடைத்து, சிறு துளை மட்டும் விட்டு, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தைப் போட்டுப் பறவைகளை வரவழைத்தார்கள். மனிதர் கொடுக்கக்கூடிய வாடகையைவிடக் குருவி அதிகம் சம்பாதித்துத் தந்தது. ஈரமும் எச்சமும் சுவரை அரித்தன. பாரம்பரிய எல்லைக்குள் இந்தத் தொழிலை நிறுத்த 2013ஆம் ஆண்டின் முடிவு வரை ஆயிற்று.

இந்தப் பின்னணியில்தான் 2008இன் அறிவிப்பு வந்தது. பட்டியலில் சேர யுனெஸ்கோ கேட்கும் தகுதிகளில் மூன்றை இந்த இரு நகரங்களும் பெற்றன. அவற்றுள் ஒன்று, ஆசியாவின் பல பண்பாடுகள் சேர்ந்து வாழ்வதற்கு உயிருள்ள சாட்சியாக இருப்பது. பழைய கல்லுக்கும் மரத்துக்கும் மட்டும் கிடைத்த மதிப்பல்ல அது. கும்பிடுவது, சமைப்பது, கடைநடத்துவது, பேசுவது எல்லாம் சேர்ந்து கிடைத்த மதிப்பு. ஜார்ஜ் டவுனில் 109.38 ஹெக்டேர் நிலம் மையப் பகுதியாகவும், அதைச் சுற்றி 150.04 ஹெக்டேர் காப்புப் பகுதியாகவும் வரையறுக்கப்பட்டன.

அடுத்த ஆண்டே முதல் சோதனை. பட்டியலில் சேர்வதற்கு முன்பே அனுமதி பெற்றிருந்த நான்கு ஹோட்டல் திட்டங்கள், வகுத்திருந்த 18 மீட்டர் உயர வரம்பை மீறுவது தெரிந்தது. யுனெஸ்கோ கவலை தெரிவித்தது. 2009இல் குழு நேரில் வந்து ஆராய்ந்தது. பட்டியலிலிருந்து பெயர் போய்விடுமோ என்று மாநிலமே பதறியது. நாளிதழ்கள் மீட்டர் கணக்கைத் தினமும் அலசின. சரியான கவலைதான், நான் குறைகூறவில்லை. ஆனால் அதே தெருக்களில் வீட்டைக் காலிசெய்யச் சொல்லி ஒரு கிழவிக்கு நோட்டீஸ் வந்தால் எந்தக் குழுவும் பாரிஸிலிருந்து வராது. கட்டடத்தின் உயரத்துக்கு உலக அளவில் ஒரு வரம்பு இருந்தது. வாடகையின் உயரத்துக்கு ஊர் அளவில்கூட வரம்பில்லை.

பட்டியல் வந்தபின் விலை ஏறியது. அயல்நாட்டு முதலீட்டாளர்கள் ஒரே வரிசையில் பல கடைவீடுகளை மொத்தமாக வாங்கினார்கள். 2012இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக எர்னெஸ்ட் சகாரெவிச் என்ற ஓவியர் ஆர்மீனியன் தெருச் சுவரில், மிதிவண்டியில் போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். நிஜ மிதிவண்டியைச் சுவரில் பொருத்தி வரைந்த அழகான ஓவியம். அதன்முன் படமெடுக்க வரிசை நின்றது. வரிசையைப் பார்த்துக் குளிர்பானக் கடை வந்தது. கடையைப் பார்த்து வாடகை ஏறியது. ஓவியரின் பிழை அதில் ஒன்றுமில்லை. பாரம்பரிய எல்லைக்குள் 2009இல் எடுத்த கணக்கெடுப்பில் குடியிருப்போர் எண்ணிக்கை 10,000ஐ ஒட்டி இருந்தது. நான்காண்டு கழித்து எடுத்தபோது அது இன்னும் குறைந்திருந்தது. நகரத்தின் மையத்தில் ஒரு காலத்தில் நெருக்கியடித்து வாழ்ந்த கூட்டத்தில் மிஞ்சியவர்கள் இவ்வளவுதான்.

சுவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய செங்கற்சுவருக்குச் சிமென்ட் பூசினால் நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியின்றி உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். அதனால் சுண்ணாம்புக் காரைதான் பூச வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. ஓடு எப்படி இருக்க வேண்டும், கதவுக்கு என்ன வண்ணம், பெயர்ப்பலகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எல்லாவற்றுக்கும் வழிகாட்டுதல் உண்டு. திங்க் சிட்டி என்ற நிறுவனம் 2009 முதல் பழுதுபார்ப்புக்கு மானியமும் கொடுத்தது. அந்த வேலையைச் செய்கிறவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. நான் கேட்பது, கதவுக்கு இருக்கிற அக்கறையைக் கதவைத் திறந்து வெளியே வருகிறவருக்கும் ஏன் நீட்டக்கூடாது என்பதுதான்.

இங்கேதான் பண்பாட்டு உரிமை வருகிறது. 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 27ஆம் பிரிவு, தன் சமுதாயத்தின் பண்பாட்டு வாழ்வில் தடையின்றிப் பங்கேற்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. 1966இல் ஐ.நா. ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு அதையே சட்டக் கடமையாக்கியது. மலேசியா அந்த உடன்படிக்கையில் இன்னும் சேரவில்லை. 2009இல் ஐ.நா. குழு ஒன்று அந்தப் பிரிவுக்கு விளக்கம் எழுதி, பங்கேற்பது, அணுகுவது, பங்களிப்பது ஆகிய மூன்றும் உரிமைக்குள் அடங்கும் என்றது. பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. வல்லுநராக இருந்த பாகிஸ்தானின் ஃபரீதா ஷஹீத் 2011இல் அளித்த அறிக்கை, பாரம்பரியத்தை அணுகுவதும் துய்ப்பதும் மனித உரிமை என்று எடுத்துரைத்தது. ஒரு பாரம்பரியத்தோடு நெருங்கிய தொடர்புள்ள சமூகத்துக்கும் தூரத்திலிருந்து பார்த்து மகிழ்கிறவருக்கும் உரிமையில் வேறுபாடு உண்டு என்பதை அந்த அறிக்கை கவனமாகப் பேசியது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இடம்தான்.

உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு அடிப்படையான 1972ஆம் ஆண்டு உடன்படிக்கை மனிதகுலம் முழுவதையும் முன்னிறுத்துகிறது. உயர்ந்த எண்ணம்தான். ஆனால் மனிதகுலம் முழுவதற்கும் சொந்தம் என்று ஒன்றை அறிவித்ததும், அதன் பக்கத்தில் நிற்கிற நாற்பது குடும்பங்களின் குரல் மெலிந்துவிடுகிறது. உலகப் பாரம்பரியக் குழு 2002இல் தன் நோக்கங்களாக நான்கைக் குறித்தபோது சமூகம் அதில் இல்லை. 2007இல், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் கூடியபோதுதான் ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். ஜார்ஜ் டவுன் பட்டியலுக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஏட்டில் இடம்பிடித்த சமூகம் வாடகைச் சீட்டில் இடம்பிடிக்கவில்லை.

கட்டட அழகு இல்லாத குடியிருப்புகளின் கதை இன்னும் கடினமானது. கரையிலிருந்து கடலுக்குள் மரக்கால் நட்டு, பலகை பாவி, ஒவ்வொரு சீனக் குலமும் தனக்கென ஒரு துறை அமைத்து வாழ்ந்தது ஜார்ஜ் டவுனின் தனிச்சிறப்பு. சியூ குலத்தின் துறைக்கு இன்று சுற்றுலாப் பேருந்துகள் வருகின்றன. கோய் குலத்தின் துறையை 2006இல், பட்டியலுக்கு இரண்டு ஆண்டு முன், அடுக்குமாடித் திட்டத்துக்காக இடித்துவிட்டார்கள். இரண்டும் ஒரே மாதிரிப் பலகை, ஒரே மாதிரிக் கால். ஒன்று உலகப் பாரம்பரியம். இன்னொன்று பழைய மரம்.

இரண்டாவது கதை நம்முடையது. தீவின் புக்கிட் குளுகோர் பகுதியில் கம்போங் புவா பாலா என்றொரு தமிழ்க் கம்பம், அதாவது சிற்றூர், இருந்தது. அங்கே வாழ்ந்தவர்களின் முன்னோர்கள் பிரௌன் என்ற குடும்பத்தின் தோட்டத்தில் உழைத்தவர்கள். தோட்டம் போனபின் அங்கேயே மாடு வளர்த்துப் பால் கறந்து விற்றார்கள். தென்னை, கொட்டில், கோயில், பொங்கலுக்கு மாட்டை அலங்கரித்து ஊர்வலம் விடும் வழக்கம். வேகமாக வளர்ந்த நகரத்தின் நடுவே, சுற்றிலும் கட்டடம் முளைக்க முளைக்க, மாடு மேய்ந்துகொண்டிருந்த கடைசி இடங்களில் ஒன்று. அந்த நிலம் அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குக் கைமாறியது. வீடு கட்டும் நிறுவனம் வந்தது. கம்பத்து மக்கள் நிலம் தங்கள் முன்னோருக்கென விடப்பட்டது என்று வாதாடினார்கள். வழக்கில் தோற்றார்கள். 2009 செப்டம்பரில் கம்பம் தரைமட்டமானது. ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியமாகி பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

இழப்பீடு கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இரண்டு மாடி வீடு கிடைத்தது. வீடு என்ற அளவில் அது பழைய வீட்டைவிட உறுதியானது. ஆனால் வரிசை வீட்டில் மாடு கட்ட முடியாது. மாடு இல்லாத இடத்தில் மாட்டுப்பொங்கல் தொலைக்காட்சியில் மட்டும் நடக்கும். நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி நிலத்தின் பட்டா யாருக்கு என்பது. அந்தக் கேள்விக்குள் மாட்டுக் கொட்டிலுக்கு இடமில்லை. பண்பாட்டு உரிமை என்று ஒன்று அந்த நாட்டின் சட்டத்தில் இருந்திருந்தால், இரண்டாவதாக ஒரு கேள்வியும் கேட்கப்பட்டிருக்கும்: இந்த வாழ்க்கைமுறை இந்த இடத்தைவிட்டால் வேறெங்காவது தொடர முடியுமா? பதில் என்னவாக இருந்தாலும், கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கட்டடமே இல்லாத பாரம்பரியத்துக்கும் மனிதர் அருகில் குடியிருப்பது தேவை. தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் செய்து, கப்பலேற்றிக் கொண்டுபோன வெள்ளித்தேர் 1894 முதல் பினாங்கில் ஓடுகிறது. பினாங்குத் தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை அடிவாரத்தில் செட்டியார்கள் கட்டிய கோயிலுக்குப் போகும். வழிநெடுக முருகனுக்குத் தேங்காய் உடைப்பார்கள். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். மலைபோல் குவித்து வைத்து உடைப்பார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை, யாரும் விதி வகுக்கவில்லை. தேர் தங்கள் வீட்டு வாசலைக் கடந்தது. கடந்ததைத் தலைமுறைகளாகப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் வேண்டிக்கொண்டார்கள். வாசலில் குடித்தனம் இல்லாமல் ஹோட்டல் வரவேற்பறை இருந்தால் இந்த வேண்டுதல் எங்கே பிறக்கும்? தேர் ஓடும்; விருந்தினர்கள் பால்கனியிலிருந்து படமெடுப்பார்கள்.

மலாக்காவின் செட்டிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே போய், உள்ளூரில் மணமுடித்து, தமிழை மறந்து மலாயைத் தாய்மொழியாகக் கொண்டும் சைவ வழிபாட்டை விடாத சிறு சமூகம் அது. 1781இல் அவர்கள் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் மலாக்காவின் பாரம்பரியத் தெருவில் இருக்கிறது. அவர்கள் வாழும் கம்போங் செட்டி அங்கிருந்து சற்றுத் தள்ளி, காஜா பெராங்கில் இருக்கிறது. அதன் பக்கத்தில் உயர்ந்த கட்டடங்கள் எழுப்பும் திட்டம் வந்தபோது அவர்கள் தெருவில் இறங்கி எதிர்க்க வேண்டியிருந்தது. இவ்வளவு சிறிய சமூகம் ஒருமுறை சிதறினால் மறுபடி கூடுவது கடினம்.

சரி, என்னதான் செய்வது? மாற்று இல்லாமல் புலம்ப நான் வரவில்லை.

ஜார்ஜ் டவுனிலேயே ஒரு பதில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1801இல் பள்ளிவாசலுக்கென்று விட்ட 18 ஏக்கரில் தொடங்கி, வக்ஃபு நிலங்கள், கோயில் அறக்கட்டளைகள், சீனக் குலச்சங்கங்களான கொங்சிகள் ஆகியவற்றின் கையில் நகர மையத்தில் நிறைய வீடுகள் உண்டு. இவற்றை விற்க முடியாது, அல்லது எளிதில் விற்க முடியாது. சந்தையின் வேகம் இவற்றைத் தொடத் தாமதமாகும். 2000க்குப் பின்னும் பழைய ஆட்கள் தங்கியிருக்க முடிந்த இடங்களில் பல, இந்த அறநிலங்கள்தாம். எல்லா அறங்காவலர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. வாடகையை ஏற்றிக் குடியிருந்தவரை அனுப்பிய அறநிலையங்களும் உண்டு. நான் அறங்காவலர்களிடம் நேராகக் கேட்பது ஒன்றுதான். உங்கள் முன்னோர் அந்த நிலத்தை எழுதிவைத்தது வருமானத்துக்காகவா, வந்திறங்கிய ஆளுக்கு ஒரு கூரை வேண்டும் என்பதற்காகவா? ஆவணத்தை எடுத்துப் படியுங்கள். பத்து, இருபது ஆண்டு நீண்டகாலக் குத்தகையைப் பழைய குடியிருப்பாளருக்கும் கைத்தொழிலாளிக்கும் கொடுங்கள்.

அரசு செய்யக்கூடியதும் உண்டு. இத்தாலியின் பொலோன்யா நகரம் 1970களில் ஒரு வழி காட்டியது. பழைய மையத்திலுள்ள தொழிலாளர் வீடுகளைச் செப்பனிட, ஏழைகளுக்கு வீடுகட்ட ஒதுக்கிய பொதுப்பணத்தையே எடுத்துச் செலவிட்டார்கள். வேலை நடக்கும்போது குடியிருந்தவருக்குப் பக்கத்தில் தற்காலிக இடம். முடிந்தபின் பழைய வீட்டுக்கே திரும்பும் உரிமை. வருமானத்தை ஒட்டிய வாடகை. வீட்டுக்காரர்களின் எதிர்ப்பால் திட்டம் சுருங்கியது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டடத்தையும் குடியிருப்பவரையும் ஒரே திட்டத்தில் சேர்த்துக் காக்க முடியும் என்பதை ஒரு நகராட்சி செய்து காட்டியது. பினாங்கில் மானியம் வாங்கிக் கூரை மாற்றும் வீட்டுக்காரர், இத்தனை ஆண்டு குடியிருப்பவரை மாற்றமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? பொதுப்பணம் வாங்குகிறவர் பொதுக்கடமை ஒன்றை ஏற்பது நியாயம்தானே.

ஒரு மறுப்பு எழும் என்று தெரியும். பிள்ளைகள் பிரம்பு பின்ன விரும்பவில்லை, பூக்கட்ட விரும்பவில்லை. அவர்களைப் பழைய வீட்டில் கட்டிவைப்பதா பண்பாட்டு உரிமை? இல்லவே இல்லை. உரிமை என்றால் போகவும் உரிமை. துறைமுக வேலை போனபின் தொங்கான்காரர் மகன் எழுத்தரானதும், எழுத்தர் மகள் மருத்துவரானதும் நல்ல செய்திகள். தாத்தாவின் தொழிலை வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காகப் பேரன் நடித்துக்காட்டத் தேவையில்லை. ஆனால் விரும்பிப் போகிறவருக்கும் விரட்டப்படுகிறவருக்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துவிட்டுக் காலம் மாறிவிட்டது என்று பேசுவது நேர்மையில்லை. 2000இல் போனவர்களில் பெரும்பாலோரை மாற்றிய காலத்துக்கு வாடகை என்று பெயர்.

நம்பிக்கை தரும் வேலைகளும் அங்கே நடக்கின்றன. 1986இல் தொடங்கிய பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை, கட்டடங்களோடு நிற்காமல் 2005 முதல் கைவினைஞர்களையும் கலைஞர்களையும் வாழும் பாரம்பரியச் செல்வங்கள் என்று கண்டுபிடித்துச் சிறப்பிக்கிறது. ஜானட் பிள்ளை என்பவர் தொடங்கி வைத்த பணிகள், தெருவிலுள்ள பிள்ளைகளையே கடைக்காரரிடமும் கைவினைஞரிடமும் அனுப்பிக் கேட்டுவரச் செய்தன. கூ சல்மா நசுத்தியோன் பினாங்கின் சூலியர்களைப் பற்றி 2014இல் எழுதிய பெரும் நூல், பள்ளிவாசலைச் சுற்றியிருந்த தமிழ் முஸ்லிம் ஊர் எப்படிக் கரைந்தது என்பதை ஆவணங்களோடு பதிவுசெய்தது. தமிழரல்லாத ஒருவர் நம் வரலாற்றுக்கு இவ்வளவு உழைத்திருக்கிறார். நன்றியோடு சொல்ல வேண்டிய செய்தி. நம் பங்கு என்ன என்றும் அது கேட்கிறது.

அதனால் இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜார்ஜ் டவுனின் வரலாறு இதுவரை பெரும்பாலும் கம்பெனி ஆவணங்களிலிருந்தும் ஆங்கிலச் செய்தித்தாள்களிலிருந்தும் எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ போன்ற ஓரிரு நாவல்களில் பினாங்கு உயிரோடு இருக்கிறது. மீதியெல்லாம் இங்கே, நாகூரிலும் நாகையிலும் பரங்கிப்பேட்டையிலும் காரைக்குடியிலும், வீட்டுப் பரணில் கிடக்கிறது. அங்கிருந்து வந்த கடிதம், கடையின் பேரேடு, வாடகை கட்டிய ரசீது, கப்பல் பயணச்சீட்டு, அஞ்சடியில் நின்று எடுத்த புகைப்படம். இன்னாருடைய குடும்பம் இந்தக் கதவு எண்ணில் இத்தனை ஆண்டு இருந்தது என்பதற்கு அவைதாம் சான்று. குடியிருப்பு உரிமைக்காக நாளை அங்கே யாராவது வாதாடும்போது, பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ எழுதிவைத்த நிலத்தின் நோக்கம் என்ன என்ற கேள்வி எழும்போது, அந்தத் தாள்கள் பேசும். வீட்டை இடித்துக் கட்டும்போது அவற்றைப் பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. படமெடுத்து, தெருப்பெயர் தெரிந்தால் அதையும் குறித்து, அக்கரையில் இன்னும் இருக்கிற உங்கள் உறவினருக்கு அனுப்புங்கள். பெரியவர்கள் உயிரோடு இருந்தால், எந்தத் தெரு, எந்த மாடி, வாடகை எவ்வளவு, வீட்டுக்காரர் யார் என்பதை இன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.